ஆய்வகக் கணினிகளில் கேவிஎம்: ஹோஸ்ட் கர்னலில் எதை வைப்பது, கெஸ்ட் கர்னலில் எதை வைப்பது?

கோபி ஆய்வகம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த ஒரு பொறியியல் கல்லூரியின் கணினி ஆய்வகத்துக்குப் பொறுப்பாக இருக்கிறேன். இயங்குதளப் பாடத்தின் செய்முறை வகுப்பில் மாணவர்கள் சிறியதொரு கர்னல் மாட்யூலை (இயங்குதளத்தின் மையமான கர்னலில் வேண்டும்போது ஏற்றி இறக்கும் துண்டு) தாங்களே எழுதி ஏற்றிப் பார்க்க வேண்டும். ஒரு சுட்டி தவறான முகவரியைத் தொட்டுவிட்டால் கணினியே உறைந்துவிடுகிறது. சேமிக்காத வேலையெல்லாம் போய்விடுகிறது. ஆகவே இந்தப் பருவத்திலிருந்து அந்தப் பயிற்சியைக் க்யூஎமு என்ற மென்பொருளில் இயங்கும் மெய்நிகர் கணினிக்குள் (இதுதான் கெஸ்ட்; அதைத் தாங்கும் உண்மையான கணினி ஹோஸ்ட்) நடத்துவது என்று முடிவு செய்துள்ளோம்.

ஆய்வகத்தில் இன்டெல் கணினிகளும் ஏஎம்டி கணினிகளும் ஏறக்குறையச் சரிபாதியாக உள்ளன. எல்லாவற்றிலும் டெபியன் 13 நிறுவப்பட்டுள்ளது. நினைவகம் 8 ஜிபி. பழைய கணினிகள் என்பதால், தேவையற்ற டிரைவர்களை நீக்கிய சிறிய கர்னல் ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்று கருதி, இன்டெல் கணினி ஒன்றில் 6.12 வரிசையின் மூலநிரலை இறக்கி, 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' கட்டளையால், கர்னலில் எவை சேர வேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்பைச் சுருக்கி, டெப் பொதியாகக் கம்பைல் செய்து எல்லாக் கணினிகளிலும் நிறுவினோம்.

அதன் பிறகு ஏஎம்டி கணினிகள் எதிலும், செயலியின் மெய்நிகராக்க வசதியைக் க்யூஎமுவுக்குத் தரும் கர்னல் பகுதியான கேவிஎம்மின் '/டெவ்/கேவிஎம்' என்ற சாதனக் கோப்பு உருவாவதில்லை. கேவிஎம் கர்னல் மாட்யூலை அணுக முடியவில்லை, அப்படியொரு கோப்பே இல்லை என்று க்யூஎமு சொல்கிறது. இன்டெல் கணினிகளில் சில வெள்ளிக்கிழமை வரை ஒழுங்காக இயங்கிவிட்டு, திங்கட்கிழமை காலையில் மட்டும் அதே பிழையைக் காட்டுகின்றன. மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்வர்ட் தரும் இயல்பான வலையமைப்பு எந்தக் கணினியிலும் தொடங்கவில்லை. மாணவர்கள் கெஸ்டுக்காகக் கம்பைல் செய்யும் கர்னலுக்கும் அதே அமைப்புக் கோப்பைத்தான் கொடுத்திருக்கிறோம். அதுவோ ரூட் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை, 'அன்னோன்-பிளாக்(0,0)' என்ற வரியோடு பேனிக் ஆகி, அதாவது மீள முடியாத பிழை என்று கர்னலே கைவிட்டு, நின்றுவிடுகிறது.

கர்னல் அமைப்பில் எந்தெந்தத் தேர்வுகளை இயக்க வேண்டும், அவற்றை 'ஒய்' என்று உள்ளேயே கட்டுவதா, 'எம்' என்று மாட்யூலாக வைப்பதா என்பதை விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

சென்னிமலை

வணக்கம் ஐயா. தாங்கள் எழுதியவற்றில் திங்கட்கிழமைச் சிக்கலைத் தவிர மற்றவை எல்லாவற்றுக்கும் லோக்கல்மாட்கான்ஃபிக்தான் காரணம் என்று நினைக்கிறேன். அந்தக் கட்டளை, அது ஓடும் நொடியில் நினைவகத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களின் பட்டியலை மட்டுமே பார்க்கிறது. பட்டியலில் இல்லாத மாட்யூல்களை அமைப்புக் கோப்பிலிருந்து நீக்கிவிடுகிறது. நாளைக்குத் தேவைப்படப் போவது எது, பக்கத்து மேசைக் கணினியில் என்ன செயலி இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஒரே ஒரு கணினியின் இன்றைய தேவைக்கான கருவியைக் கொண்டு ஆய்வகம் முழுவதற்குமான கர்னலை அளவெடுத்ததால் வந்த விளைவுதான் இது.

கேவிஎம் ஒற்றை மாட்யூல் அன்று. நினைவக மேலாண்மை, இன்டரப்ட் எனும் இடைமறிப்பு ஆகியவற்றைக் கையாளும் பொதுப் பகுதி கேவிஎம் என்ற மாட்யூலில் இருக்கிறது. செயலியின் மெய்நிகராக்க ஆணைகளை நேரடியாகப் பயன்படுத்தும் பகுதி கேவிஎம்_இன்டெல், கேவிஎம்_ஏஎம்டி என இரண்டாகப் பிரிந்திருக்கிறது. எங்கள் ஊர்த் தறிக் கணக்கில் முன்னது பாவு, பின்னது ஊடை. பாவை மட்டும் பூட்டி வைத்தால் துணி வராது. இன்டெல் கணினியைத் தொடங்கும்போது, செயலியில் விஎம்எக்ஸ் என்ற மெய்நிகராக்க வசதி இருப்பதைக் கண்டு கேவிஎம்_இன்டெல் தானாகவே ஏறிவிடும், அதனோடு கேவிஎம்மும் ஏறிவிடும். அதனால் இவை இரண்டும் தங்கள் சுருக்கத்தில் தப்பித்தன. கேவிஎம்_ஏஎம்டி அந்தக் கணினியில் ஒருநாளும் ஏறியிருக்காது, எனவே நீக்கப்பட்டது. இந்த வசதி 2007 பிப்ரவரியில் வெளிவந்த 2.6.20 கர்னலில் முதன்முதலாகச் சேர்ந்தபோதே இந்தப் பிரிவினையோடுதான் வந்தது.

'மேக் மெனுகான்ஃபிக்' திறந்து, முதல் திரையிலேயே உள்ள 'விர்ச்சுவலைசேஷன்' பிரிவுக்குள் செல்லுங்கள். அங்கே கேவிஎம் ஆதரவு, இன்டெல் செயலிகளுக்கான கேவிஎம், ஏஎம்டி செயலிகளுக்கான கேவிஎம் ஆகிய மூன்றையும் 'எம்' என வையுங்கள். ஒரே கர்னல் இரு வகைச் செயலிகளிலும் ஓட வேண்டுமென்றால் இரண்டு துணை மாட்யூல்களும் இருந்தாக வேண்டும். பொருந்தாத மாட்யூல் வட்டில் கொஞ்சம் இடத்தை அடைத்துக்கொள்ளுமே தவிர நினைவகத்தில் ஏறாது. 'ஒய்' என்று கட்டினாலும் வேலை செய்யும். ஆனால் 'எம்' என்றிருந்தால் மாட்யூலை இறக்கிவிட்டு வேறு அளவுருவோடு ஏற்றிப் பார்க்கலாம். உள்ளே கட்டிவிட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பூட் வரியைத் திருத்திக் கணினியை மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். ஆய்வகத்துக்கு 'எம்' தான் வசதி. பொதுப் பகுதியை 'எம்' ஆக வைத்துவிட்டுத் துணைப் பகுதியை 'ஒய்' ஆக்க முயன்றால் மெனு அதை அனுமதிக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமைப்புக் கோப்பை உரைத் திருத்தியில் திறந்து கையால் வரி சேர்ப்பவர்கள் பலர். ஒரு தேர்வு சார்ந்திருக்கும் மற்றொரு தேர்வு அணைந்திருந்தால், அடுத்த முறை 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' ஓடும்போது அந்த வரி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மறைந்துவிடும். மெனுவில் சாய்கோட்டுக் குறியை அழுத்தித் தேர்வின் பெயரைத் தேடினால், அது எதைச் சார்ந்திருக்கிறது, அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பவை காட்டப்படும். கம்பைல் முடிந்தபின் '/பூட்' அடைவில் கர்னலோடு நிறுவப்படும் அமைப்புக் கோப்பிலும் ஒருமுறை கேவிஎம் என்று தேடிப் பார்த்துவிடுவது நல்லது.

வலையமைப்புச் சிக்கலுக்கும் இதே கதைதான். லிப்வர்ட்டின் இயல்பான வலையமைப்பு விர்பிஆர்0 என்ற பிரிட்ஜை (மென்பொருளாலான சுவிட்ச்) உருவாக்கி, ஒவ்வொரு கெஸ்டுக்கும் டேப் என்ற மெய்நிகர் வலையமைப்பு இடைமுகம் ஒன்றை அதில் இணைத்து, 192.168.122 என்று தொடங்கும் முகவரிகளை வழங்கி, வெளியே செல்லும் பொட்டலங்களின் முகவரியை நாட் முறையில் மாற்றுகிறது. இதற்கு டன்/டேப் டிரைவர், ஈத்தர்நெட் பிரிட்ஜ், நெட்ஃபில்டரின் நாட், மாஸ்கரேட் பகுதிகள் ஆகியவை வேண்டும். வேகம் வேண்டுமென்றால் விஹோஸ்ட்-நெட் மாட்யூலும் நல்லது. கம்பைல் செய்த அன்று அந்த இன்டெல் கணினியில் எந்த மெய்நிகர் கணினியும் ஓடவில்லையென்றால், இவற்றில் ஒன்றுகூட ஏறியிருக்காது. க்யூஎமுவின் பயனர் நிலை வலையமைப்பையே பயன்படுத்துவதானால் இவை எதுவும் தேவையில்லை, கெஸ்டுக்கு 10.0.2.15 என்ற முகவரி கிடைக்கும், இணையத்திலிருந்து பொதிகளை இறக்கலாம், கெஸ்டிலிருந்து பிங் மட்டும் பல சமயம் மறுமொழி பெறாது. மாட்யூல் எழுதும் பயிற்சிக்கு இதுவே தாராளம் என்பது என் எண்ணம்.

லோக்கல்மாட்கான்ஃபிக்கை விட மனமில்லையென்றால், இன்டெல் கணினி ஒன்றிலும் ஏஎம்டி கணினி ஒன்றிலும் டெபியனின் இயல்பான கர்னலோடு பூட் செய்து, ஒரு மெய்நிகர் கணினியை ஓட விட்டு, ஏறியிருக்கும் மாட்யூல்களைப் பட்டியலிடும் எல்எஸ்மாட் கட்டளையின் வெளியீட்டை எடுத்து, இரண்டையும் ஒரே கோப்பில் அடுத்தடுத்துச் சேர்த்து, 'எல்எஸ்மாட்' மாறியின் வழியாக அந்தக் கோப்பைக் காட்டுங்கள். யூஎஸ்பி சாதனங்களையும் அப்போதே செருகி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரம் பென் டிரைவ் ஏறவில்லை என்று இன்னொரு கேள்வி கேட்க வேண்டிவரும்.

நொய்யல்

திங்கட்கிழமைச் சிக்கலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். திருப்பூரில் பனியன் நிறுவனங்களின் கணினிகளைப் பராமரிக்கும் வேலையில் இதே போன்ற நடத்தையைப் பார்த்திருக்கிறேன் ஐயா. சனிக்கிழமை மாலை ஆய்வகத்தின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் வழக்கம் உண்டா என்று பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் வற்றிப்போன கணினிகளில், மின்சாரம் வந்துகொண்டிருக்கும் வரை பயாஸ் அமைப்புகள் நிலைத்திருக்கும்; மின் இணைப்பு முழுதாகத் துண்டிக்கப்பட்டதும் அவை தொழிற்சாலை இயல்புக்குத் திரும்பிவிடும். பல பழைய மதர்போர்டுகளில் மெய்நிகராக்கம் இயல்பாக அணைந்தே இருக்கும். அந்தக் கணினிகளில் திங்கட்கிழமை காலைத் தேதியும் தவறாகக் காட்டுகிறதா என்று கவனியுங்கள்; காட்டினால் ஐயமே வேண்டாம், செல்லை மாற்றிவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்கு மறுநாளும் இதே சிக்கல் எழுந்திருக்க வேண்டும்.

கர்னல் பக்கத்திலிருந்து இதை உறுதிப்படுத்துவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இன்டெல் செயலிகளில் 0எக்ஸ்3ஏ என்ற எண்ணுள்ள கட்டுப்பாட்டுப் பதிவகத்தில், விஎம்எக்ஸை அனுமதிக்கும் ஒரு பிட்டும், அந்த முடிவைப் பூட்டிவிடும் மற்றொரு பிட்டும் உள்ளன. பயாஸ் அனுமதியை மறுத்துப் பூட்டிவிட்டால், கணினி மறுதொடக்கம் ஆகும் வரை எந்த இயங்குதளத்தாலும் அதை மாற்ற முடியாது. பயாஸ் பூட்டாமல் விட்டிருந்தால், இன்டெலுக்கான கேவிஎம்மோடு கம்பைல் செய்யப்பட்ட கர்னல் தானே அனுமதித்துப் பூட்டிக்கொள்ளும். அதனால்தான் பயாஸில் மெய்நிகராக்கம் அணைந்திருக்கும் இரண்டு கணினிகளில் ஒன்று வேலை செய்வதும் மற்றொன்று செய்யாததும் நேர்கிறது.

'/ப்ராக்/சிபியுஇன்ஃபோ' கோப்பில் விஎம்எக்ஸ் என்ற சொல் இருந்தால் செயலி ஆதரிக்கிறது, மாட்யூல் ஏறாவிட்டால் பயாஸைப் பார் என்பது பழைய அறிவுரை. 5.6 கர்னல் முதல், பயாஸ் முடக்கியிருந்தால் அந்தச் சொல்லையே கர்னல் கோப்பிலிருந்து எடுத்துவிடுகிறது. எனவே சொல் இல்லை என்பதை மட்டும் வைத்து, இந்தச் செயலி இதற்குத் தகுதியற்றது என்று ஒதுக்கிவிடாதீர்கள். கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்க் கட்டளையின் வெளியீட்டில் பயாஸ் விஎம்எக்ஸை முடக்கியுள்ளதாக ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். ஏஎம்டி கணினிகளில் இதற்கு நிகரான வசதி எஸ்விஎம். அதைப் பயாஸின் பாதுகாப்புப் பகுதியில் தேடிக் காணாமல் கைவிட்டவர்கள் உண்டு. பல மதர்போர்டுகளில் அது செயலியின் வேகத்தைக் கூட்டும் மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். மாற்றிச் சேமித்த பிறகும் பலன் தெரியாவிட்டால், மின் இணைப்பை ஒருமுறை முழுமையாக எடுத்துவிட்டுத் தொடங்குங்கள், செல்லை மாற்றிய பிறகு.

கோபி ஆய்வகம்

இருவருக்கும் மிக்க நன்றி. நொய்யல் அவர்கள் சொன்னபடியே அந்தக் கணினிகளில் தேதி தவறாகத்தான் இருந்தது; செல்களை மாற்றச் சொல்லிவிட்டேன். இரு துணை மாட்யூல்களையும் சேர்த்துக் கம்பைல் செய்த கர்னலில் ஏஎம்டி கணினிகளும் கேவிஎம்மை ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் ரிமோட் முறையில் எஸ்எஸ்எச் வழியாக நுழையும் மாணவர்களுக்கு மட்டும், கோப்பு இல்லை என்பதற்குப் பதிலாக அனுமதி இல்லை என்ற பிழை வருகிறது. கெஸ்ட் கர்னலின் பேனிக்கும் அப்படியே உள்ளது. கெஸ்டுக்குள் கேவிஎம் தேர்வுகளை இயக்கியும் பயனில்லை.

கூடுதுறை

அனுமதிப் பிழை கர்னலைச் சேர்ந்ததன்று ஐயா. அந்த மாணவர்களின் பயனர் கணக்குகளைக் கேவிஎம் குழுவில் சேர்த்து, அவர்களை வெளியேறி மறுபடி நுழையச் சொல்லுங்கள். கணினியின் முன்னால் அமர்ந்து நுழைபவருக்கு இந்த அனுமதி தானாகக் கிடைப்பதால்தான் மற்றவர்களுக்கு இந்தப் பிழை தெரியவில்லை.

கெஸ்ட் கர்னலுக்குத் தேவையானவை ஹோஸ்டுக்குத் தேவையானவற்றிலிருந்து முற்றிலும் வேறானவை. கெஸ்டுக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டப் போவதில்லையென்றால், அங்கே கேவிஎம்_இன்டெலோ கேவிஎம்_ஏஎம்டியோ வேண்டியதே இல்லை. கெஸ்டுக்கு வேண்டியது, தான் ஒரு மெய்நிகர் வன்பொருளின் மேல் இருப்பதை அறிந்து நடந்துகொள்ளும் திறன்: செயலி வகை மெனுவுக்குள் இருக்கும் லினக்ஸ் கெஸ்ட் ஆதரவு, பாராவர்ட், கேவிஎம் கெஸ்ட் ஆகியவையும், மெய்நிகர் வட்டு, வலையமைப்பு போன்றவற்றுக்கான விர்ட்ஐஓ குடும்பத்து டிரைவர்களும். தாங்கள் கொடுத்த அமைப்புக் கோப்பு ஒரு மேசைக் கணினியில் சுருக்கப்பட்டது. அந்தக் கணினியில் விர்ட்ஐஓ வட்டு இருக்க வாய்ப்பே இல்லை. அதனால் அந்த டிரைவர் நீக்கப்பட்டு, கெஸ்ட் கர்னலுக்குத் தன் வட்டே கண்ணுக்குத் தெரியவில்லை.

பேனிக் செய்தியை மாணவர்களுக்குப் படிக்கக் கற்றுக்கொடுப்பது நல்லது, ஏனெனில் காரணம் பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது. அடைப்புக்குள் 0,0 என்று வந்தால், பூட் வரியில் ரூட் என்று குறிப்பிட்ட சாதனத்தைக் கர்னலால் அடையாளம் காணவே முடியவில்லை என்று பொருள். டிரைவர் இல்லாமல் இருக்கலாம். அல்லது விர்ட்ஐஓ வட்டுக்கு விடிஏ என்ற பெயர் இருக்க, பழக்கத்தில் எஸ்டிஏ என்று கொடுத்திருக்கலாம். எண்கள் 0 அல்லாமல் வந்தால் சாதனம் கிடைத்துவிட்டது, அதிலுள்ள கோப்பு முறைமையைத்தான் படிக்க முடியவில்லை என்று கொள்ளலாம். இஎக்ஸ்டி4 மாட்யூலாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பேனிக்குக்குச் சற்று மேலே கர்னல் கண்ட வட்டுகளின் பட்டியல் அச்சாகும். அது வெறுமையாக இருந்தால் டிரைவர் இல்லை, அவ்வளவுதான்.

இங்கே 'ஒய்', 'எம்' வேறுபாடு உயிர்நாடி. க்யூஎமுவின் 'கர்னல்' தேர்வின் மூலம் கர்னல் கோப்பை நேரடியாகக் கொடுத்து, இனிட்ராம்எஃப்எஸ் (தொடக்கத்தில் தேவைப்படும் மாட்யூல்களைத் தாங்கிய தற்காலிகக் கோப்பு முறைமை) இல்லாமல் பூட் செய்யும்போது, ரூட் வட்டைத் திறக்கத் தேவையான மாட்யூலும் அந்த வட்டுக்குள்ளேயே கிடக்கும். ஆகவே விர்ட்ஐஓ பிசிஐ, விர்ட்ஐஓ பிளாக், கோப்பு முறைமை ஆகிய மூன்றும் கெஸ்டில் கட்டாயம் 'ஒய்' ஆக இருக்க வேண்டும். ஹோஸ்டுக்குச் சென்னிமலை சொன்ன 'எம்' சரி. கெஸ்டுக்கு அதே பழக்கத்தைக் கொண்டுபோனால் பேனிக்தான் மிஞ்சும்.

இவற்றை ஒவ்வொன்றாக மெனுவில் தேட வேண்டியதில்லை. கர்னல் மூலநிரலோடு இதற்கென்றே ஒரு அமைப்புத் துணுக்கு வருகிறது: முதலில் 'மேக் டெஃப்கான்ஃபிக்', அடுத்து 'மேக் கேவிஎம்_கெஸ்ட்.கான்ஃபிக்'. விர்ட்ஐஓ டிரைவர்கள், கேவிஎம் கெஸ்ட் ஆதரவு, சீரியல் கன்சோல், ஹோஸ்டின் அடைவை கெஸ்டுக்குள் காட்டும் 9பி கோப்பு முறைமை எல்லாம் 'ஒய்' ஆக வந்துவிடும். மாணவர் ஹோஸ்டில் மாட்யூலைக் கம்பைல் செய்து, 9பி வழியாகப் பகிர்ந்த அடைவிலிருந்து கெஸ்டில் ஏற்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் வட்டுக் கோப்பைத் திருத்த வேண்டியதில்லை. பூட் வரியில் கன்சோலை டிடிஒய்எஸ்0 என்று கொடுத்தால் கர்னலின் செய்திகள் டெர்மினலிலேயே ஓடும், மாணவர் அவற்றை நகலெடுத்து அறிக்கையில் ஒட்டலாம். அதனுடன் 'பேனிக்=-1' என்றும், க்யூஎமுவுக்கு 'நோ-ரீபூட்' என்றும் கொடுத்துவிட்டால், பேனிக் ஆனதும் கெஸ்ட் தானே மூடிக்கொண்டு டெர்மினலைத் திருப்பித் தந்துவிடும். ஜிடிபி என்ற பிழைதிருத்தி கொண்டு ஆராய்வதாக இருந்தால் 'நோகேஏஎஸ்எல்ஆர்' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முகவரிகள் ஒவ்வொரு தொடக்கத்திலும் இடம் மாறும்.

ஒன்றைக் கேட்கிறேன், தவறாகக் கொள்ள வேண்டாம். ஹோஸ்டில் சொந்தக் கர்னல் எதற்கு? டெபியன் தரும் கர்னலில் கேவிஎம்மின் இரு துணை மாட்யூல்களும், டன், பிரிட்ஜ், விஹோஸ்ட் எல்லாமும் மாட்யூலாகவே இருக்கின்றன. ஏறாத மாட்யூல் நினைவகத்தில் இடம் பிடிப்பதில்லை, ஆகவே சொந்தக் கர்னலால் வட்டில் மட்டும் சிறிது இடம் மிச்சமாகும். அதற்கு விலையாகப் பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் தாங்களே கம்பைல் செய்து எல்லாக் கணினிகளுக்கும் கொண்டுசேர்க்க வேண்டும். கையொப்பமிட்ட கர்னலை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட்டையும் அணைத்து வைக்க வேண்டியிருக்கும். என் பார்வையில் ஹோஸ்டில் டெபியன் கர்னலையே திருப்பி வைத்துவிட்டு, கம்பைல் செய்யும் உழைப்பு முழுவதையும் கெஸ்டுக்கு ஒதுக்குவதே முறை.

சென்னிமலை

கூடுதுறை சொல்வது ஆய்வக நிர்வாகத்துக்குச் சரிதான். ஆனாலும் ஹோஸ்ட் கர்னலை ஒருமுறையாவது அமைத்துப் பார்க்காத மாணவருக்கு, கேவிஎம் ஏன் மூன்று துண்டுகளாக இருக்கிறது என்பது புரியாது. தனியாக ஒரே ஒரு கணினியை அதற்கென ஒதுக்கி வையுங்கள். மற்றவற்றில் டெபியன் கர்னலே இருக்கட்டும். கெஸ்டுக்கு 512 எம்பி நினைவகம் இந்தப் பயிற்சிக்குப் போதும்; ஒரே மாதிரியான பக்கங்களை இணைக்கும் கேஎஸ்எம் வசதியை இயக்கலாமா என்று யாராவது கேட்டால், ஒரு கணினியில் ஒன்றிரண்டு கெஸ்டுகள் மட்டும் ஓடும் இடத்தில் அது தேவையில்லை என்று சொல்லிவிடுங்கள்.

கோபி ஆய்வகம்

துணுக்கு அமைப்போடு கம்பைல் செய்த கெஸ்ட் முதல் முயற்சியிலேயே லாகின் வரை வந்துவிட்டது. ஹோஸ்டுகளை டெபியன் கர்னலுக்கே மாற்றிக்கொண்டிருக்கிறோம். கடைசியாக ஒரு ஐயம்: இதே ஆய்வகத்தில் வலையமைப்புப் பாடத்தை எடுக்கும் ஆசிரியர் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற வேறொரு மெய்நிகராக்க மென்பொருளைப் பயன்படுத்துகிறார். டெபியன் கர்னலுக்கு மாறிய கணினிகளில், விஎம்எக்ஸ் ரூட் நிலையில் ஏற்கெனவே இருக்கிறது என்ற பிழையோடு அவருடைய மெய்நிகர் கணினிகள் தொடங்க மறுக்கின்றன. அந்த நேரத்தில் க்யூஎமு எதுவும் ஓடவில்லை.

கூடுதுறை

க்யூஎமு ஓட வேண்டிய அவசியமில்லை ஐயா. 6.12 கர்னலுக்கு முன்புவரை, முதல் மெய்நிகர் கணினி தொடங்கும்போதுதான் கேவிஎம் செயலியின் மெய்நிகராக்க நிலையைக் கைக்கொள்ளும், 6.12 முதல் மாட்யூல் ஏறும்போதே கைக்கொண்டுவிடுகிறது. டெபியன் 13 இல் இருப்பது அந்த வரிசைதான். 'மாட்ப்ரோப்.டி' அடைவில் ஒரு கோப்பை உருவாக்கி, கேவிஎம் மாட்யூலுக்கு 'எனேபிள்_விர்ட்_அட்_லோட்=0' என்ற அளவுருவைக் கொடுத்துக் கணினியை மறுபடி தொடங்கினால் பழைய நடத்தை திரும்பிவிடும். அப்போதும் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாது: க்யூஎமுவில் கேவிஎம் கெஸ்ட் இயங்கிக்கொண்டிருக்கும்போது விர்ச்சுவல்பாக்ஸ் தொடங்க மறுக்கும். எனவே முந்தைய வகுப்பின் கெஸ்டுகள் பின்னணியில் விடப்பட்டிருக்கின்றனவா என்று அந்த ஆசிரியர் வகுப்பைத் தொடங்குமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.